குடும்பத்துக்கு மட்டும்

"ஏம்பா டில்லி, உன் பொண்டாட்டிக்கு வேற பொடவையே கெடையாதா?"

வீட்டு ஓனர் கன்னியப்பன் துணிக்கொடிக்கு அடியில் நின்று, தலைக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்த மயில்பச்சைப் புடவையை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். காலி வாளியோடு நின்ற டில்லிபாபுவுக்கு நைட் ஷிஃப்ட் முடித்து வந்த தூக்கம் அப்படியே ஓடிப்போனது.

"கீதுண்ணா. இது அவளுக்கு ராசியான பொடவை."

"ராசின்னா தெனைக்கும் இதையேவா கட்டிக்கும்? வெளுத்துப்போயி கொசுவலை கணக்கா ஆயிடுச்சு. நாலு துணி எடுத்துக் குடுப்பா. ரெண்டு பேரும் சம்பாரிக்கிறீங்க."

சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார். டில்லிபாபு அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளுக்காமல் என்ன செய்யும்? யாரும் கட்டாத புடவையை ஒருவன் நாள் தவறாமல் துவைத்துக் காயப்போட்டால் அது எத்தனை நாள்தான் தாங்கும்?

புடவைக்குச் சொந்தக்காரி ஜோதி. அவள் இந்த வீட்டு வாசற்படியைக்கூட மிதித்தவள் இல்லை. வீடு மாறும்போது இவன் மூட்டையில் தப்பித்தவறி வந்து சேர்ந்தது அந்த ஒரே புடவை. அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். இவன் ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் லைன் லீடர். இருவரும் சேர்ந்து போட்ட விவாகரத்து மனுவுக்குக் கடைசி விசாரணையும் முடிந்துவிட்டது. தீர்ப்புதான் பாக்கி.

ஏன் பிரிந்தார்கள் என்று அவர்களுடைய பழைய தெருவில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நடந்தது இவ்வளவுதான். கல்யாணமான நாள் முதல் இவனுக்கு ராத்திரி ஷிஃப்ட் என்றால் அவளுக்குப் பகல், அவளுக்கு ராத்திரி என்றால் இவனுக்குப் பகல். இவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் அவளுடைய பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பாள். ஒருவருக்கொருவர் கை ஆட்டிக்கொள்வார்கள். அந்தத் தெருவிலேயே இவ்வளவு ஒற்றுமையான ஜோடி கிடையாது என்று பெயர் வாங்கியிருந்தார்கள். ஒரு மாதம் இரண்டு கம்பெனியும் பேசி வைத்ததுபோல் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட்டைப் போட்டுத் தொலைத்தன. அப்போதுதான் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேசுவதற்கு ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பாத்திரம் பறக்கவில்லை. அதில்தான் தெருவுக்கு வருத்தம்.

ஒரு மாற்றம் மட்டும் நடந்தது. அதுவரை 'வாங்க, போங்க' என்றிருந்தவள், மனுவில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 'வா, போ'வுக்கு வந்துவிட்டாள். இருவருக்கும் அது ரொம்பச் சவுகரியமாக இருந்தது.

கடைசி விசாரணை முடிந்த அன்று கோர்ட் வாசலில் வக்கீல் சத்யப்பிரியா இருவரையும் நிறுத்திச் சொல்லியனுப்பினாள். தீர்ப்பு தேதிக்கு அவர்கள் வர வேண்டாம், அவளே பார்த்துக்கொள்வாள். அதுவரை இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டில்லிபாபு வீடு மாற்றக்கூடாது, மனுவில் இருப்பது இந்த விலாசம். இருவரும் எங்கேயும் சேர்ந்து நிற்கக்கூடாது. பிரிந்து வாழ்கிறோம் என்று ஜட்ஜம்மா முன்னால் சொல்லியிருக்கிறார்கள். ஒரு போட்டோ வெளியே வந்தாலும் மறுபடியும் முதலிலிருந்துதான்.

இரண்டாவது சுலபம். முதலாவதில்தான் வினையே இருந்தது. கன்னியப்பன் காம்பவுண்ட் கேட்டில் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தது: 'குடும்பத்துக்கு மட்டும்.'

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போன நிலம் போக மிச்சமிருந்த மனையில் அவர் கீழே மூன்று போர்ஷன் கட்டி, மாடியில் குடியிருந்தார். முதன்முதலில் பேச்சுலர் பசங்களுக்குத்தான் விட்டார். அவர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போய்விட, மோட்டார் புகைந்து, தண்ணீர் தொட்டி வழிந்து, அவருடைய வேர்க்கடலை மூட்டை நனைந்து முளைத்தது. அன்றைக்கு எழுதிய வாசகம் அது. டில்லிபாபு கல்யாண ஆல்பத்தைக் காட்டித்தான் வீடு வாங்கினான். அது பொய் இல்லை, கல்யாணம் நடந்தது நிஜம்தானே.

வீடு போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. வெளியே போனால் அவனுக்குக் கிடைப்பது கூட்டுரோடு பக்கத்து ஷிஃப்ட் ரூம். அங்கே பாய் ஆறுவதே இல்லை. ஒருவன் எழுந்து டூட்டிக்குப் போனால் அந்தச் சூட்டிலேயே இன்னொருவன் வந்து படுப்பான். விலாசம் மாறினால் கோர்ட்டில் என்ன கேள்வி கேட்பார்களோ. ஆகவே தீர்ப்பு வரும்வரை டில்லிபாபு எப்படியாவது குடும்பஸ்தனாக இருந்தாக வேண்டும்.

கன்னியப்பன் குடும்பத்தை அளக்க மூன்று அளவு வைத்திருந்தார். வாசலில் கோலம், கொடியில் புடவை, அடுப்பில் தாளிக்கிற வாசனை. ஆள் தெரிய வேண்டும் என்று கிடையாது. அவருக்குக் கண் மங்கல், கண்ணாடி போட்டால் வயசாகிவிடும் என்று போடமாட்டார். 'ஷிஃப்ட்டுல கீறா' என்றால் நம்பிவிடுவார். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில்தான் புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒன்றாகப் பார்க்க முடிகிறது? டில்லிபாபு போனில் வீடியோ பார்த்துக் கோலம் கற்றுக்கொண்டான். கார் சீட்டில் தையல் பிசகாமல் பார்க்கிற கண் அல்லவா, புள்ளிக்கோலம் அவ்வளவு நேர்த்தியாக வந்தது. ஓனரம்மா செங்கமலம் ஒரு தடவை நின்று பார்த்து, "உன் பொண்டாட்டிக்கு நல்ல கை டில்லி. கொஞ்சம் ஆம்பள கை மாதிரி அழுத்தமா கீது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, இப்போதைய பிரச்சினை புடவை. அதைச் சரிசெய்ய டில்லிபாபு அன்று சாயந்திரமே சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவுக்குப் போனான். புடவையைவிட நைட்டி லேசு என்று நைட்டி கேட்டான். கடைக்காரப் பெண் அளவு கேட்டதும் முழித்தான். ஜோதி என்ன அளவு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கை ஆட்டிக்கொண்ட அளவுதான் பழக்கம். பின்னால் நின்ற பெண்கள் சிரிப்பதுபோல் தெரியவும், "என்ன மாதிரி இருப்பாங்க" என்று தன் தோளைத் தொட்டுக் காட்டிவிட்டான்.

மறுநாள் கொடியில் சூரியகாந்திப் பூப்போட்ட இரண்டு நைட்டிகள் கல்யாணப் பந்தல்போல் விரிந்து காற்றில் உப்பிக்கொண்டு நின்றன.

கன்னியப்பன் ஒன்றின் ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்தார். "இன்னாப்பா இது? ரெண்டு பேரு பூந்துக்கலாம் போலக்கீதே."

அதற்குள் குழாயடியிலிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. "ரெண்டு பேருதான் பூந்துகினு கீறாங்களோ இன்னாவோ. ஏன் டில்லி, முழுகாம கீறாளா?"

இல்லை என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டும். ஆமாம் என்பதற்குத் தலையை ஆட்டினால் போதும். டில்லிபாபு தலையை ஆட்டினான். செங்கமலம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனை ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்த்தாள்.

"எத்தினி மாசம்?" என்றார் கன்னியப்பன்.

மூன்று என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். நைட்டியின் அளவு அவனை மிரட்டியது. "ஆறுண்ணா."

"ஆறா? அப்ப அடுத்த மாசம் வளைகாப்பு." கன்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அப்போதே பஞ்சாங்கம் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதற்குக் காரணம் இருந்தது. அந்த மனையில் இன்னும் ஒரு குழந்தைச் சத்தம் கேட்கவில்லை. இரண்டாவது போர்ஷன் ரகுவின் மனைவி வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனவள், இன்னும் வரவில்லை. மூன்றாவது போர்ஷன் வசந்தகுமாரின் மனைவியும் அப்படியே. டில்லிபாபுவுக்கு முன்னால் அவன் போர்ஷனில் இருந்தவனுடைய மனைவியும் அப்படியே போய், கடைசியில் அவனே ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். காலம் அப்படி, பெண்ணைப் பெற்றவர்கள் லேசில் திருப்பி அனுப்புவதில்லை என்று செங்கமலம் சமாதானம் சொன்னாள். கன்னியப்பன் சமாதானம் ஆகவில்லை. வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். அவர் சொன்னாரென்று ஈசானி மூலையிலிருந்த கக்கூஸை இடித்தும் ஆகிவிட்டது. அதிலிருந்து மூன்று போர்ஷனுக்கும் கக்கூஸ் ஒன்றுதான்.

அன்று முதல் டில்லிபாபுவுக்கு ராஜ உபசாரம். புளிக்குழம்பு, சுறாப்புட்டு, மாங்காய்ப் பச்சடி என்று மாடியிலிருந்து கிண்ணம் கிண்ணமாக இறங்கியது. எல்லாம் 'வாயும் வயிறுமா கீற பொண்ணுக்கு'. பொண்ணு ஷிஃப்ட்டில் இருந்ததால் டில்லிபாபுவே சாப்பிட்டான். குங்குமப்பூப் பால்கூடக் குடித்தான். வயிறு அவனுக்குத்தான் போட்டது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரன், 'கொஞ்சம் தள்ளி உக்காரு தலைவா' என்றான். மனசு மட்டும் உள்ளே கிடந்து குடைந்தது. இவ்வளவு நல்ல மனிதர்களை ஏமாற்றிச் சாப்பிடுகிறோமே என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு கிண்ணத்தையும் வழித்தான்.

பஞ்சாங்கம் பார்த்து வந்த கன்னியப்பன் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னார். அதுதான் தீர்ப்பு தேதி.

டில்லிபாபு செங்கமலத்திடம் ஓடினான். தேதியை மாற்ற முடியுமா, ஜோதிக்கு லீவு கிடைக்காதே என்று இழுத்துப் பார்த்தான். அவள் அவரைக்காயை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அவர் வச்ச தேதிய மாத்த முடியாது. உன் பொண்டாட்டிக்கு வர முடிலன்னா சொல்லு. அதுக்கு ஒண்ணும் ஓசன பண்ணாத. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பெண் இல்லாமல் வளைகாப்பா? ஓனரம்மா நம்மை ஆழம் பார்க்கிறாள், நாம் 'வர முடியாது' என்று சொன்னால் மாட்டினோம் என்று டில்லிபாபு அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

"ஐயோ, அப்படிலாம் இல்லக்கா. அவ கட்டாயம் வந்துடுவா."

"வந்துடுவாளா?" செங்கமலம் இப்போதுதான் நிமிர்ந்தாள். "நெஜமாவா?"

"சத்தியமாக்கா."

"அப்ப சரி" என்று அவள் மறுபடியும் அவரைக்காய்க்குத் திரும்பினாள். முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் டில்லிபாபு இல்லை.

ஒரகடம் கூட்டுரோடில் அவனும் ஜோதியும் சந்தித்தார்கள். சந்தித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சேர்ந்து நிற்கக்கூடாது என்பது வக்கீல் உத்தரவு. அதனால் ஒரே டீக்கடையில் இவன் இந்தக் கோடியில் வடைத் தட்டுப் பக்கம் நின்றான், அவள் அந்தக் கோடியில் ரீசார்ஜ் போர்டுப் பக்கம் நின்றாள். இருவரும் செல்போனில் பேசிக்கொண்டார்கள்.

"நான் எதுக்கு முழுகாம ஆவணும்?" என்றாள் ஜோதி.

"நைட்டி பெரிசா போயிடுச்சு."

அந்தக் கோடியில் அவளுக்கு டீ மூக்கில் ஏறுவது இவனுக்குத் தெரிந்தது. இருமி முடித்துவிட்டுக் கேட்டாள். "எத்தனாவது மாசம்?"

"அன்னைக்கு ஏழு ஆயிடும்."

"ஆணா பொண்ணா, அதையும் நீயே முடிவு பண்ணிட்டியா?"

"ஜோதி, தமாஷ் பண்ணாத. வக்கீலம்மாக்குத் தெரிஞ்சா என்ன கொன்னுடும். ஆனா நீ வரலைன்னா வீடு போச்சு. வீடு போனா விலாசம் போச்சு. விலாசம் போனா தீர்ப்பு போச்சு. அப்புறம் நீயும் நானும் புருஷன் பொண்டாட்டியாவே கெடக்க வேண்டியதுதான்."

அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. ஜோதி ரீசார்ஜ் போர்டை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"அந்த அஞ்சு லிட்டர் குக்கர் என்னுது. எங்க மாமா எடுத்துக் குடுத்தது."

"எடுத்துக்க."

"வெயிட்டோட. போன தடவ நீ வெயிட்ட காணோம்னு சொன்ன."

"தேடித் தரேன்."

"அப்ப வரேன்." போனை வைக்கப்போனவள் மறுபடியும் காதுக்கு எடுத்தாள். "குக்கருக்காக மட்டும் இல்ல. ஜட்ஜம்மா கேட்டப்போ நீ என்னப் பத்தி ஒரு கொறை சொல்லல. எங்க ஹாஸ்டல்ல ஒருத்தி கேசுல அவ புருஷன் பேசினத கேட்டா காது கூசும். அன்னைக்கு நீ பேசினத நெனச்சிகினேதான் பஸ்ஸுல போனேன்."

இந்தக் கோடியில் டில்லிபாபு ஆறிப்போன வடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலையை ஆட்டினான், அது போனில் தெரியாது என்பதும் மறந்துபோய்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. டில்லிபாபு விடிவதற்குள் எழுந்து, தன் மனைவியின் வளைகாப்புக்குத் தானே கோலம் போட்டு முடித்திருந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் புடவை சலசலக்க வந்து பாயில் உட்கார்ந்தார்கள். வளையல்கார செல்லம்மாள் கூடையோடு வந்தாள். கூடவே அவள் மருமகள். மருமகள் பட்டுப்புடவை கட்டி, தலை கொள்ளாத பூ வைத்து, கைக்கு மருதாணி இட்டு வந்திருந்தாள். வளையல்காரி வீட்டுப் பெண் இவ்வளவு அலங்காரமாக எதற்கு என்று டில்லிபாபுவுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

ஷேர் ஆட்டோவில் ஜோதி வந்து இறங்கினாள். தோள்பையில் ஒரு சின்னத் தலையணை இருப்பது டில்லிபாபுவுக்கு மட்டும் தெரியும். முன்கூட்டியே வைத்துக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தான். வழியில் கம்பெனிப் பெண்கள் பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று அவள் வைத்துக்கொள்ளவில்லை. வந்ததும் பாத்ரூமுக்குப் போய்ச் சரிசெய்துகொள்வதாக ஏற்பாடு.

கேட்டிலேயே செங்கமலம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதான் உன் பொண்டாட்டியா?"

"ஆமாக்கா."

"உன் சொந்தப் பொண்டாட்டியா?"

இது என்ன கேள்வி என்று டில்லிபாபு விழித்தான். "ஆமாக்கா, ஆல்பத்துல கூட..."

"சரி சரி. வாம்மா, நான் பொடவ கட்டி வுடறேன்" என்று அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டாள்.

டில்லிபாபு கதவுக்கு வெளியே நின்றான். இப்போது தலையணை விழும். இப்போது செங்கமலம் கத்துவாள். இப்போது கன்னியப்பன் மாடியிலிருந்து இறங்குவார். பெட்டியை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்றுகூட யோசித்துவிட்டான். நாற்காலி தூக்கிக்கொண்டு போன ரகு, "ஏன் பாஸ் வேர்க்குது? அக்கா பாத்துக்கும் வுடு" என்று அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனான். இவனுக்கென்ன, மனைவி ஒழுங்காக அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று டில்லிபாபு பொறாமைப்பட்டான்.

கதவு திறந்தது. ஜோதி வெளியே வந்தாள். மஞ்சள் பட்டுப்புடவையில், ஒரு கையை இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஏழு மாதம் என்றால் ஏழு மாதம், ஒரு நாள் கூட முன்னே பின்னே சொல்ல முடியாத வயிறு. அவன் வாங்கிக் கொடுத்த சின்னத் தலையணைக்கு அந்த வடிவம் வரவே வராது. என்ன கெட்டிக்காரி, புடவை கட்டிவிட்டவள் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறாளே என்று டில்லிபாபு வாயைப் பிளந்தான். ஜோதி அவனைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

செங்கமலம் நேரே செல்லம்மாளிடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள். செல்லம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பட்டுப்புடவை மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த கண்டம் கன்னியப்பன் ரூபத்தில் வந்தது. கழுத்தில் கேமராவோடு ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து, "இந்த வாட்டி போட்டோ எடுத்தே ஆவணும்" என்றார். டில்லிபாபுவுக்கு வக்கீலின் முகம் கண்முன் வந்தது. குறுக்கே பாய்ந்து, கண்ணு பட்டுவிடும், பிளாஷ் ஆகாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று கையில் கிடைத்த காரணத்தையெல்லாம் வீசினான். டாக்டர் என்றதும் கன்னியப்பன் பயந்துபோய், அப்படியென்றால் இப்போதே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம், காரை எடுக்கிறேன் என்று சாவி தேட ஆரம்பித்தார்.

செங்கமலம்தான் காப்பாற்றினாள். "இன்னா அலம்பல் இது? நம்ம வூட்டு வளைகாப்புல போட்டோ எடுக்கற வழக்கம் கெடையாது, எத்தினி வாட்டி சொல்றது? போட்டோக்காரருக்கு எலை போடு ரகு. ஆம்பளைங்கல்லாம் வெளில போங்க."

"ஒவ்வொரு வாட்டியும் இதயே சொல்லு" என்று முனகிக்கொண்டு கன்னியப்பன் வெளியே போனார். டில்லிபாபு அந்த இடத்திலேயே செங்கமலத்தின் காலில் விழுந்திருப்பான். வழக்கம் என்று ஒன்றை ஏற்படுத்திய அவளுடைய மாமியார் வழி முன்னோர் அத்தனை பேருக்கும் மனசுக்குள் நன்றி சொன்னான்.

கண்ணாடி வளையல்கள் ஜோதியின் கையில் ஏறின. பச்சை, சிவப்பு, மஞ்சள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் புருஷனைக் கூப்பிட்டார்கள்.

டில்லிபாபு சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டபோது சட்டைப் பையில் போன் நடுங்கியது. இடது கையால் எடுத்துப் பார்த்தான். வக்கீல் சத்யப்பிரியா அனுப்பியிருந்தாள். ஆர்டர் ஆகிவிட்டது. இருவருக்கும் வாழ்த்துகள்.

அவன் குனிந்து அவள் கன்னத்தில் சந்தனத்தை வைத்தான்.

"ஆயிடுச்சு" என்றான் மெல்ல.

"இன்னா ஆயிடுச்சு?"

"தீர்ப்பு."

ஜோதி அப்படியே உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை வளையல், கன்னம் இரண்டிலும் சந்தனம், வயிற்றில் யாருடையது என்றே தெரியாத துணி மூட்டை. அவள் கண் நிறைந்தது. சுற்றியிருந்த பெண்கள், ஆனந்தக் கண்ணீர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதும் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

"இத்தினி வருசத்துல உனக்காக நான் லீவு போட்டது இதான் மொத வாட்டி" என்றாள் அவள்.

"ரொம்ப தேங்க்ஸ் ஜோதி. இதுக்கு மட்டும் இல்ல."

"எனக்கும்தான். மூக்க உறிஞ்சாத, பாக்கறாங்க. குக்கர் வெயிட்டு கெடச்சிதா?"

"கெடச்சிது."

அவ்வளவுதான் பேசினார்கள். இருவரும் அதுவரை ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளமானதாக இருக்கும்.

எலுமிச்சை சாதம், புளிசாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று பந்தி முடிந்தது. வளைகாப்பு முடிந்தால் பெண் அம்மா வீட்டுக்குப் போவதுதான் முறை. ஜோதி மடியில் ஐந்து லிட்டர் குக்கரோடு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வாயும் வயிறுமான பெண் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த ஒருத்தியைச் செங்கமலம் வெற்றிலைத் தட்டை நீட்டி அடக்கினாள். கன்னியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொயந்தையோட சீக்கிரம் திரும்பி வாம்மா."

"சரிங்க பெரிப்பா" என்றாள் ஜோதி, முகம் மாறாமல். ஆட்டோ திருப்பத்தில் மறையும்போது கை ஆட்டினாள். டில்லிபாபுவும் ஆட்டினான். அந்த ஒன்று மட்டும் இருவருக்கும் எப்போதும் நன்றாக வரும்.

வாசலில் நின்றபடி அவனுக்கு எல்லாம் கணக்குக்கு வந்தது. தீர்ப்பு கிடைத்துவிட்டது. பெண் முறைப்படி தாய் வீட்டுக்குப் போய்விட்டாள், இனிமேல் புடவையும் நைட்டியும் துவைக்க வேண்டாம். பெண் எப்போது வருவாள் என்று கேட்டால், ரகுவைப்போல் அம்மா வீட்டில் இன்னும் அனுப்பவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வீடும் தங்கிவிட்டது. மனசு நிறைந்துபோய்விட்டது. நிறைந்த மனசு உறுத்தவும் உறுத்தியது. ஊட்டி வளர்த்த இந்த மனுஷியிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து செங்கமலத்திடம் போனான்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். நான் உங்கள..."

"சாப்ட்டியா?"

"இல்லக்கா, ஆனா..."

"போயி மொதல்ல சாப்புடு. வெறும் வயித்துல எதுவும் பேசக்கூடாது" என்று அவள் அண்டாவைக் கழுவப் போய்விட்டாள்.

கேட்டுப் பக்கம் செல்லம்மாள் வளையல் கூடையைத் தலைக்கு ஏற்றத் தடுமாறிக்கொண்டிருந்தாள். டில்லிபாபு போய்க் கை கொடுத்தான். யாரிடமாவது நல்ல வார்த்தை பேசிவிட வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

"வளையல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. என் பொண்டாட்டிக்கு அவ்ளோ புடிச்சிது."

செல்லம்மாள் கூடையை மறுபடியும் கீழே இறக்கினாள். அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு, பட்டுப்புடவை கசங்காமல் சிடுசிடுவென்று நின்றுகொண்டிருந்த மருமகளைக் கையால் காட்டினாள்.

"நீ வெவரம் பத்தாத புள்ளயா கீறியே தம்பி. இந்த வூட்ல செங்கமலம் இது நாலாவது வளைகாப்பு பண்ணுது. மத்த மூணுக்கும் என் மருமவதான் உக்காந்தா. சொந்தப் பொண்டாட்டியவே கூட்டியாந்து உக்கார வச்ச மொத ஆளு நீதான்."